சுகர் நோட்டு

ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவருக்கு இரத்தத்தில் கிரியேட்டினின் 0.7 என்று வருகிறது. அறுபது வயதில் அதே பரிசோதனை 1.1 காட்டுகிறது. பெண்களுக்கு 1.1 வரை இயல்பு என்றுதான் பல ஆய்வகங்கள் தாளின் ஓரத்தில் அச்சிடுகின்றன. அதனால் இரண்டு தாள்களிலும் தடித்த எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. ‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லி மகன் தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிடுகிறான். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்து, சிறுநீரக மருத்துவர்கள் இன்று கையாளும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் வேறு சேதி கிடைக்கிறது. அந்த ஐந்து ஆண்டுகளில் அவருடைய சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்குச் சுமார் 100 மில்லி லிட்டரிலிருந்து 60க்குக் கீழே இறங்கியிருக்கிறது. ஏறக்குறைய பாதி போய்விட்டது. வலி இல்லை, வீக்கம் இல்லை, சிறுநீர் வழக்கம்போலப் போகிறது.

இதில் ஆய்வகம் தவறு செய்யவில்லை. தாளில் இருக்கும் ‘இயல்பான அளவு’ ஆரோக்கியமான பலருடைய இரத்தத்தைப் பார்த்து வகுத்தது. அந்தப் பெண்மணியின் உடலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அமெரிக்கப் புள்ளியியலாளர் யூஜின் ஹாரிஸ் 1974 இல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார். சில பரிசோதனைகளில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிதாக இருக்கும். ஒரே ஆளுக்குள் நாளுக்கு நாள் வித்தியாசமோ மிகச் சிறிதாக இருக்கும். அப்படிப்பட்ட பரிசோதனையில், பொதுவான எல்லையை வைத்துக்கொண்டு ஒருவரின் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முயன்றால் பெரும்பாலும் கோட்டைவிடுவோம். கிரியேட்டினின் அந்த வகைதான். உடற்பயிற்சி செய்து தசை ஏறிய இளைஞனுக்கு 1.2 என்பது கவலைப்பட வேண்டிய விஷயமே இல்லை. மெலிந்த பாட்டிக்கு அதே 1.2 அபாய மணி. அந்தப் பாட்டியை ஒப்பிட வேண்டியது ஊராரோடு அல்ல, ஐந்து வருஷத்துக்கு முந்தைய அதே பாட்டியோடு.

நீண்ட காலம் உடனிருக்கும் நோய்கள் எல்லாமே இப்படித்தான். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, எலும்பு முறிவு ஆகியவற்றுக்கு இன்றைய நிலை போதும். இன்று என்ன வெப்பம், இன்று எங்கே வலி என்று பார்த்து வைத்தியம் செய்துவிடலாம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயலிழப்பு இவற்றுக்கு இன்று என்பது ஒரு புள்ளி மட்டும். ஒரு புள்ளியை வைத்து அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. மருத்துவமே இதை ஒப்புக்கொண்டு விதியாக வைத்திருக்கிறது. சிறுநீரகக் குறைபாடு 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அதை நாள்பட்ட நோய் என்று முடிவு செய்வார்கள். ஒரே ஒரு முறை பார்த்த இரத்த அழுத்தம் மிக அதிகமாக இல்லாதவரை, மறுபடி வரச் சொல்லிப் பார்த்த பிறகே மாத்திரை தொடங்குவார்கள். காலம் கடந்தாலன்றி நோயே கண்ணில் படுவதில்லை.

விழுப்புரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கும் நாளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிடும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்தவர்கள் நோட்டை மேசையில் அடுக்கிவிட்டு எதிரே இட்லிக் கடைக்குப் போய்விடுவார்கள். ஆள் இல்லாவிட்டாலும் நோட்டு இடம் பிடித்திருக்கும். எண்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டுதான். சிலர் அதற்குப் பிரவுன் அட்டை போட்டிருப்பார்கள், சிலர் பால் கவரைக் கழுவிக் காயவைத்து அதற்குள் பத்திரமாக வைத்திருப்பார்கள். உள்ளே தேதி, எடை, பிரஷர், சுகர், மாத்திரை. பல பேருடைய கையெழுத்து, பல நிற மை.

அன்று அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள் ஒருவருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 212. பின்னால் நூறு பேர் காத்திருக்கும்போது எந்த மருத்துவருக்கும் கை தானாகப் போகிற இடம் மாத்திரை அளவை ஏற்றுவதுதான். அந்த டாக்டரம்மா ஏற்றவில்லை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். மாசி, பங்குனி வரை 130, 140 என்று ஒழுங்காக வந்திருந்தது. அதற்குப் பிறகு 180, 195, இப்போது 212. இன்னும் சில பக்கங்கள் பின்னால் போனார். முந்தைய வருஷமும் இதே கோடையில் ஏறி, மழைக்காலத்தில் இறங்கியிருந்தது.

“ஏம்மா, போன வருஷமும் இதே மாசத்துலதான் ஏறியிருக்கு. இந்த மாசத்துல என்ன பண்றீங்க?”

“ஒண்ணும் பண்ணலியேம்மா. ஏரி வேலைக்குப் போறேன், அவ்ளோதான்.”

“மாத்திரை?”

அந்த அம்மாள் பக்கத்தில் நின்ற நர்ஸை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். “போட்டுட்டு வெயில்ல மண்ணு வெட்டுனா பதினோரு மணிக்கெல்லாம் கை காலு ஒதறுதும்மா. கண்ணு இருட்டிக்கினு வருது. அதான் வேலைக்குப் போற அன்னிக்குப் போடறதில்ல.”

கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை அது. காலையில் ஒரு டம்ளர் கூழோடு அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் மண் சுமந்தால் சர்க்கரை சட்டென்று விழும். உதறலும் கண் இருட்டலும் அதனால் வந்தவை. சர்க்கரை அதிகமாக இருக்கிறது என்று அதே மாத்திரையை இரட்டித்திருந்தால், டாக்டர் சொல்லிவிட்டாரே என்று ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போகும் ஒரு நாளில் அவர் ஏரிக்கரையில் மயங்கி விழுந்திருக்கக்கூடும். டாக்டரம்மா அந்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். கிரியேட்டினின் சரியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, தனியாகக் கொடுத்தால் சர்க்கரையைத் தாழ்த்திவிடும் ஆபத்து குறைந்த மெட்ஃபார்மினைக் கொஞ்சம் கூட்டினார். நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஏரி வேலை, மாத்திரை விடுகிறார்’ என்று எழுதினார். அடுத்த கோடையில் அங்கே வேறு மருத்துவர் இருக்கலாம். அவருக்காக எழுதிய வரி அது.

212 என்ற எண் மட்டும் இருந்தால் அது கேட்பது கூடுதல் மாத்திரை. எண்களின் வரிசை கேட்டது ஒரு கேள்வியை. வைத்தியத்தைத் திருப்பிவிட்டது அந்தக் கேள்விதான். நோயாளியின் தரவுகளை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்து அதைக்கொண்டு சிகிச்சையை வழிநடத்துவது என்று பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். கணினியும் செயற்கை நுண்ணறிவும் இருந்தால்தான் அது நடக்கும் என்பதுபோல ஒரு தோற்றம் இருக்கிறது. பின்பக்கத்தைப் புரட்டும் பொறுமை உள்ள ஒரு மருத்துவரும், பொய் சொல்லாமல் பதில் சொல்லும் தைரியத்தை நோயாளிக்குக் கொடுக்கும் ஒரு குரலும் அதற்கு முதலில் வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். உண்மை இல்லாத வரிசை எத்தனை நீளமாக இருந்தும் பயனில்லை.

அமெரிக்காவின் பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் என்ற மருத்துவர் இன்சுலின் கண்டுபிடிப்பதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், தன்னிடம் வந்த ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் பேரேட்டில் பதிவு வைக்கத் தொடங்கினார். அப்போது கொடுக்க மருந்தே கிடையாது. உணவைக் குறைத்து நாளை ஓட்டுவதுதான் வைத்தியம். அந்தக் காலத்திலும் அவர் எழுதினார். குணப்படுத்த வழி இல்லாதபோது ஒருவரின் நிலையை வருஷக் கணக்காக எழுதிவைப்பது எதற்கு என்று கேட்கலாம். 1922 இல் இன்சுலின் வந்தபோது, முன்பு எத்தனை காலம் வாழ்ந்தார்கள், இப்போது எத்தனை காலம் வாழ்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் பேரேடு இருந்தது. கைவிடப்பட்ட நோயாளியை ஒரு வரியாவது எழுதிக் கணக்கில் வைத்துக்கொள்வதை நான் பெரிய மரியாதையாகவே பார்க்கிறேன்.

நாம் எழுதுவதும் எழுதாததும் ஒருபுறம் இருக்கட்டும். உடல் எழுதிக்கொண்டே இருக்கிறது. இதை முதலில் கண்டவர் சாமுவேல் ரஹ்பர். 1968 இல் தெஹ்ரானில் ஹீமோகுளோபின் வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் மட்டும் ஒரு பட்டை தடிப்பாக வருவதைக் கவனித்தார். இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை, எந்த நொதியின் உதவியும் இல்லாமல், தானாகவே ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஒட்டும். ஒட்டியது பிரிவதில்லை. சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். அது சாகும்வரை அந்தச் சர்க்கரையைச் சுமந்து திரியும். 1976 இல் நியூயார்க்கில் ரொனால்ட் கெனிக், அந்தோணி செராமி ஆகியோர், இதை அளந்தால் நோயாளியின் சர்க்கரை எந்த அளவுக்குக் கட்டுப்பாட்டில் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம் என்று காட்டினார்கள். இன்று ‘மூணு மாச சுகர்’ என்று நம் வீடுகளில் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை அதுதான்.

டாக்டரிடம் போவதற்கு மூன்று நாள் முன்னால் வாயைக் கட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. சோற்றைக் குறைத்து, காபியில் சர்க்கரையை விட்டு, காலையில் இரண்டு தடவை நடந்து, ஒரு நல்ல எண்ணோடு போய் உட்காருவோம். இதை ஏமாற்று வேலை என்று நான் நினைக்கவில்லை. பெரியவர் முன்னால் நல்ல பிள்ளையாக நிற்க வேண்டும் என்ற ஆசை அதில் இருக்கிறது. ஆனால் அந்த மூன்று நாள் சிவப்பணுவின் கணக்கில் ஓரத்துக்கும் காணாது. கல்யாண வீட்டுப் பந்தி, தீபாவளி வாரம், மாத்திரை தீர்ந்து வாங்க மறந்த பத்து நாள் எல்லாமே அதில் ஏறியிருக்கும்.

அந்தச் சாட்சியையும் ஆளைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் எச்பிஏ1சி உண்மையைவிட ஏறிக் காட்டக்கூடும். சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிகிற நோய்களில் இறங்கிக் காட்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்குச் சோகை. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பெண்ணின் மூன்று மாத சுகரைப் படிக்கும்போது பக்கத்திலேயே அவருடைய ஹீமோகுளோபினையும் படித்தாக வேண்டும். ஓர் எண் தனியாக நின்று பேசுவதில்லை. மற்ற எண்களோடும், முந்தைய எண்களோடும், அந்த ஆளின் வாழ்க்கையோடும் சேர்ந்தே பேசுகிறது.

ரஹ்பர் கண்டது 120 நாள் நினைவு. அதைவிட நீளமான நினைவு ஒன்று உடலுக்கு இருப்பது தெரியவர இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆயின. அதைக் கண்டுபிடித்த விதத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

1977 இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டர்னர் தொடங்கிய ஆய்வு அது. பிரிட்டனின் 23 மையங்களில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் புதிதாகத் தெரியவந்த 5102 பேரைச் சேர்த்தார்கள். ஆட்களைச் சேர்ப்பதற்கே 1991 வரை ஆனது. ஒரு பிரிவுக்கு அந்தக் காலத்து வழக்கப்படி, முக்கியமாக உணவுக் கட்டுப்பாடு; இன்னொரு பிரிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ கொடுத்துத் தீவிரமான கட்டுப்பாடு. சர்க்கரையை இறக்குவதால் உண்மையில் பலன் உண்டா என்பதே அப்போது சந்தேகமாக இருந்தது. முடிவு 1998 இல் வந்தது. பத்தாண்டுகளில் ஒரு பிரிவின் எச்பிஏ1சி 7.0, மற்றதற்கு 7.9. தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுவது 25 விழுக்காடு குறைந்திருந்தது. உடல் பருமனானவர்களில் மெட்ஃபார்மின் நல்ல பலன் தந்தது. இன்று உலகமெங்கும் முதல் மாத்திரையாக அதைக் கொடுப்பதற்கும், விழுப்புரத்து டாக்டரம்மா நம்பிக் கூட்டியதற்கும் இந்த ஆய்வே அடிப்படை. மாரடைப்பிலும் குறைவு தென்பட்டது. ஆனால் தற்செயலாக இருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தாண்டும் அளவுக்கு அது வரவில்லை. அடுத்த ஆண்டே டர்னர் இறந்துபோனார்.

ஆய்வு முடிந்ததும் எல்லோரும் அவரவர் வழக்கமான மருத்துவரிடம் திரும்பிப் போனார்கள். இனி இந்தப் பிரிவு, அந்தப் பிரிவு என்று கிடையாது. ஓராண்டுக்குள் இரண்டு பிரிவினரின் எச்பிஏ1சியும் ஒன்றாகிவிட்டது. வித்தியாசம் போய்விட்டது, கதை முடிந்தது என்று விட்டிருக்கலாம். டர்னரோடு பணியாற்றிய ரூரி ஹோல்மன் விடவில்லை. மேலும் பத்தாண்டுகள் அதே ஆட்களைத் தொடர்ந்தார். 2008 இல் வெளியானதைப் படித்தவர்கள் திகைத்துப் போனார்கள். எண்கள் ஒன்றாகிப் பத்தாண்டு ஆகியும், முன்பு தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்கே கண்ணும் சிறுநீரகமும் குறைவாகக் கெட்டிருந்தன. அன்று சந்தேகத்தில் நின்ற மாரடைப்புக் குறைவு இப்போது 15 விழுக்காடு என்று ஐயமில்லாமல் தெரிந்தது. மரணமும் 13 விழுக்காடு குறைந்திருந்தது. அதே ஆட்களின் பதிவுகளை நாட்டின் மருத்துவ ஆவணங்களோடு சேர்த்து மீண்டும் பார்த்த முடிவு 2024 இல் வெளியானது. ஆய்வு முடிந்த பின் 24 ஆண்டுகள் வரை நீண்ட பதிவுகள் அவை. பலர் உயிரோடு இல்லை. அந்த நன்மை அப்போதும் அழியாமல் இருந்தது.

உடல் கெட்டதை மறக்காது என்று நமக்குத் தெரியும். சிறு வயதில் செய்த தப்பு முதுமையில் வட்டியோடு வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நல்லதையும் அதே கண்டிப்போடு உடல் வைத்துக்கொள்கிறது என்று சொல்ல, ஐயாயிரம் பேர் அரை ஆயுளைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

அதே 2008 ஆம் ஆண்டில் இன்னொரு சேதியும் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ‘அக்கார்ட்’ ஆய்வில், ஏறக்குறைய பத்தாண்டுகளாக நோய் உள்ள, இதயநோய் ஆபத்து மிகுந்த, சராசரியாக அறுபது தாண்டிய 10,251 பேர். அவர்களில் ஒரு பிரிவுக்கு எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர மிகத் தீவிரமாக முயன்றார்கள். அந்தப் பிரிவில் இறப்பு குறையவில்லை, கூடியது. ஆய்வின் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒரே ஆண்டில் வந்த இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதுபோலத் தெரிந்தன. கட்டுப்படுத்து என்றது ஒன்று. அளவுக்கு மீறாதே என்றது மற்றொன்று. பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டு ஆய்வுகளிலும் இருந்தவர்கள் நோயின் வேறு வேறு கட்டத்தில் நின்றார்கள் என்பது தெரிகிறது. புதிதாக நோய் வந்த நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு எச்பிஏ1சி 7.8 என்றால் விடாமல் இறக்க வேண்டிய எண். இருபது வருஷ நோயும், ஒரு மாரடைப்பும், அடிக்கடி சர்க்கரை தாழும் வழக்கமும் உள்ள எழுபத்தைந்து வயதுப் பெரியவருக்கு அதே 7.8 போதுமானதாக இருக்கலாம். எண் ஒன்றுதான். அதன் பொருளை முடிவு செய்வது பின்னால் இருக்கும் ஆண்டுகள். அந்த ஆண்டுகள் எழுதப்படாமல் போனால் மருத்துவர் எதைப் பார்த்து முடிவெடுப்பார்?

நம் ஊரில் அவை எழுதப்படாமல் போகவே வழி அதிகம். ஓ.பி. சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுவார்கள். பழையது சட்டைப் பையில் வியர்வையில் நைந்துபோகும். மருந்துக் கடையில் பார்த்த சுகர், வெப்பத்தாளில் அடித்த சீட்டாக வரும். ஒரு வருஷத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். ஊரில் ஒரு டாக்டர், மகள் வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு டாக்டர், மருத்துவ முகாமில் இன்னொருவர். மூவரும் நல்லவர்களே. மூவருக்கும் அவர் ஒவ்வொரு முறையும் புது ஆள். மழை வெள்ளத்தில் நனைந்த வீடுகளில் ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பரிசோதனைத் தாள் கட்டை விட்டுவிட்டுப் போனதில் வியப்பில்லை. அதற்கு மதிப்பு உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்த இடத்தில்தான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது. வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றுதான் எல்லோரும் அதைப் பேசினார்கள். அதைவிடப் பெரிது, அதே பெண் தன்னார்வலர் மாதாமாதம் அதே வாசலில் வந்து நின்று பிரஷர் பார்ப்பது. அவர் அதே ஊர்க்காரர். போன மாதம் அந்த வீட்டில் துக்கம் நடந்தது அவருக்குத் தெரியும். தாத்தா மாத்திரையை மாட்டுக்கொட்டகை மாடத்தில் வைத்து மறந்துபோவதும் தெரியும். எந்தக் கணினிப் பதிவிலும் ஏறாத இந்தத் தகவல்கள் அந்த எண்களுக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அரசுப் பதிவில் கட்டம் நிரப்புவதோடு அந்தத் தன்னார்வலரின் அறிவு கரைந்துபோகாமல், ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரின் காது வரை போக ஒரு வழி வேண்டும். அது இன்னும் எல்லா இடத்திலும் அமையவில்லை.

ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பதன் பலனைச் சென்னையே ஒரு முறை காட்டியிருக்கிறது. 2001 முதல் 2003 வரை நகரில் 26,001 பேரைப் பார்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் தேர்ந்தெடுத்த பலரைச் சுமார் பத்தாண்டுகள் கழித்து மறுபடி தேடிப் போனார்கள். முதல் பார்வையில் சர்க்கரை முற்றிலும் இயல்பாக இருந்தவர்களிலேயே ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் நோய்க்கோ அதன் முந்தைய நிலைக்கோ போயிருந்தார்கள். முதல் முறை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் ‘நார்மல்’ என்ற பட்டியலிலேயே இருந்திருப்பார்கள்.

இப்போது மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வந்துவிட்டது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை சர்க்கரையை அளந்து, இரண்டு வாரம் கைப்பேசியில் கோடு வரைந்து காட்டுகிறது. இன்சுலின் போடுகிற குழந்தைகளின் பெற்றோருக்கு அது இரவுத் தூக்கத்தைத் திருப்பித் தந்திருக்கிறது. விலைதான் சாமானியர்களுக்கு எட்டவில்லை. அது தரும் ஆயிரக்கணக்கான புள்ளிகளும் இரண்டு வாரத்தின் கதையே. பத்தாண்டின் கதையை வேறு யாராவது எழுதிவைக்க வேண்டும். பதிவுகள் எல்லாம் ஓர் அடையாள எண்ணின் கீழ் மின்னணுவில் சேரும் காலமும் வந்துகொண்டிருக்கிறது. மருத்துவருக்குப் பயன்படும் அதே வரிசை காப்பீட்டு நிறுவனத்துக்கும் வேலை கொடுப்பவருக்கும் போய்ச் சேர்ந்தால், நோயாளி உண்மை சொல்வதை நிறுத்திவிடுவார். ஏரி வேலைக்குப் போகிற அந்த அம்மாள் நர்ஸைப் பார்த்துத் தயங்கியது நினைவிருக்கட்டும். பூட்டுக்குச் சட்டம் இருக்கிறது. சாவி நோயாளியின் கையில் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு மருத்துவமனையிலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

என்னை இந்த விஷயத்தில் பிடித்து நிறுத்துவது ஆக்ஸ்ஃபோர்டின் அந்த நீண்ட நினைவுதான். நம் வீடுகளில் சர்க்கரை எண்ணை மதிப்பெண்ணாகத்தான் பார்க்கிறோம். குறைந்தால் பாராட்டு, ஏறினால் ஏச்சு. ‘உங்க அப்பா ஒழுங்கா இருந்தா ஏன் ஏறுது’ என்று நோயாளி காதில் விழும்படியே பேசுவார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் கணையத்தின் திறன் ஆண்டுக்கு ஆண்டு குறைவது நோயின் இயல்பு. ஒழுங்காக இருந்தவருக்கும் ஒரு நாள் பழைய மாத்திரை போதாமல் போகும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வில் தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்கே ஆண்டுகள் போகப் போக எண் ஏறத்தான் செய்தது. மாத்திரை கூடுவதும் இன்சுலின் வருவதும் தோல்விக்கான தண்டனை அல்ல. நோய் அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கிறது, வைத்தியமும் கூடவே வர வேண்டும், அவ்வளவுதான். வரிசையைப் பார்க்கிறவருக்கு இது தெரியும். ஒற்றை எண்ணைப் பார்க்கிறவருக்கு இது தெரிய வழியே இல்லை.

முப்பத்தைந்து வயதில், அலுவலகப் பரிசோதனையில், எச்பிஏ1சி 7.2 என்று தெரியவரும் ஒருவர், ‘லேசாத்தான் இருக்கு, நாப்பதுக்கு மேல பாத்துக்கலாம்’ என்று தள்ளிப்போடுகிறார். எந்த ஐந்து வருஷத்தின் நன்மை பல வருஷம் கூட வருமோ, அந்த ஐந்து வருஷத்தைத்தான் அவர் விட்டுக்கொடுக்கிறார். நோய் புதிதாக இருக்கும்போதுதான் சிகிச்சைக்கு மிகப் பெரிய பலன். இதை அவருக்கு யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

இன்னொருவர் இருக்கிறார். எழுபது வயது. பத்துப் பன்னிரண்டு வருஷம் வாயைக் கட்டி, விடியற்காலையில் நடந்து, மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் இருந்தவர். மனைவி போன பிறகு எல்லாம் தளர்ந்து, இப்போது எண் 9.4. “இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு என்ன பிரயோஜனம் டாக்டர், எல்லாம் போச்சே” என்கிறார். மருத்துவர் அவருடைய பழைய தாள்களை மேசையில் பரப்பி, தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். 6.8, 7.0, 6.9, 7.1. பிறகு போன மாதம் கண் மருத்துவமனையில் எடுத்த விழித்திரைப் படத்தைக் காட்டுகிறார். இரத்தக் கசிவு இல்லை. சிறுநீரில் புரதம் இல்லை. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறது. “இதெல்லாம் அந்தப் பன்னிரண்டு வருஷம் சம்பாதிச்சதுங்கய்யா. எதுவும் போகல. சாப்பாடு இப்ப யார் செய்யறாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல.”